இன்னும் இல்லாத தொழில்

பிறின்சி என்ன படித்தவள் என்று ஊருக்கு விளங்கப்படுத்துவதிலேயே அவளுடைய தகப்பன் சூசைதாசனுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

"மகள் டொக்டரோ?"

"இல்லை."

"அப்ப பிசியோவோ?"

"அதுவும் இல்லை."

"ஓ, ஜிம்மிலை நிக்கிறாவோ?"

சூசைதாசன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். "இருதய வருத்தம் வந்த ஆக்கள் எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம், எந்த இடத்திலை நிப்பாட்ட வேணும் எண்டு உடம்பை அளந்து பாத்துச் சொல்லுற படிப்பு. உடற்பயிற்சி உடலியல்."

கேட்டவர், "நடக்கிறதுக்கும் படிக்க வேணுமோ?" என்று கேட்டுவிட்டுக் காரை எடுக்கப் போய்விடுவார்.

ஊருக்குத்தான் விளங்கவில்லை, அரசாங்கத்துக்கு விளங்கும் என்று பிறின்சி நம்பியிருந்தாள். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா, அப்படித்தான் நம்புவாள்.

அவர்கள் இருந்த வால்டன்ஃபெல்ட் ஒரு சின்ன நகரம். அங்கே ஒரு மருத்துவமனை, இரண்டு தமிழ்க் கடைகள், தமிழ்ப் பூசைக்கு மாதத்தில் ஒருநாள் இடம் கொடுக்கிற ஒரு கத்தோலிக்கக் கோயில். மருத்துவமனையின் இருதய மருத்துவர் தன்னிடம் வரும் தமிழ் நோயாளிகளையெல்லாம், "கோயில் மண்டபத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் போங்கள்" என்று அனுப்பிவிடுவார். வாரத்தில் இரண்டு மாலை பிறின்சி அவர்களை மண்டபத்தில் நடக்க வைத்தாள், குந்தி எழும்ப வைத்தாள், தண்ணீர்ப் போத்தலைத் தூக்க வைத்தாள், ஒவ்வொருவரின் நாடியையும் பிடித்துப் பார்த்தாள்.

அங்கே வந்தவர்களில் குணசேகரம் முக்கியமானவர். பிட்சா அடுப்புக்கு முன்னால் அரைவாசி வாழ்க்கையைக் கழித்தவர். நெஞ்சைத் திறந்து செய்த ஒப்பரேஷனுக்குப் பிறகு தன் இருதயத்தைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நினைத்துக்கொண்டு, தும்முவதற்கும் பயந்து நடுங்கினார். வீடோ நாலாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. பிறின்சி ஒவ்வொரு படியாக அவரோடு நின்று, நின்று, கடைசியில் அவர் படியேறிக்கொண்டே போனில் அரசியல் கதைக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அடுத்தவர் தேவமலர். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தவர். இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தது. வாயை மட்டும் எந்த மருத்துவராலும் ஓய்வெடுக்க வைக்க முடியவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் பங்கு அலுவலகத்திலிருந்து செயலாளர் அம்மா வந்து, மிகுந்த சங்கடத்தோடு சொன்னார்: மண்டபத்துக்குப் புதிய காப்புறுதி எடுத்திருக்கிறார்கள். உடல்நலம் சம்பந்தமாக எது நடந்தாலும் நடத்துகிறவர் அரசு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டுமாம். ஒரு சின்னத் தாள்தான்.

"அதுக்கென்ன, எடுத்துக்கொண்டு வாறன்" என்றாள் பிறின்சி.

வகைப்படுத்தப்படாத நலத்தொழில்களுக்கான மாநில அலுவலகம் தலைநகரத்தில் ஆறு மாடிக் கட்டடமொன்றில் இருந்தது. வாசலில் 'இயக்கமே வாழ்வு' என்று ஒரு பெரிய சுவரொட்டி. அதன் கீழே காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார். டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்து வந்தவளை ஃபிராவ் ஹார்ட்விக் என்ற பெண் அதிகாரி அன்போடு வரவேற்று உட்காரவைத்து, கணினியில் தேட ஆரம்பித்தார்.

"உப்புக் குகை மேற்பார்வையாளர் இருக்கிறார். குதிரைப் பல் பராமரிப்பாளர் இருக்கிறார். சிரிப்புப் பயிற்றுநர், நிலை இரண்டு, இருக்கிறார். உடற்பயிற்சி உடலியலாளர் இல்லை."

"பட்டியலில் இல்லையென்றால் அனுமதியும் தேவையில்லை, அப்படித்தானே?"

ஃபிராவ் ஹார்ட்விக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் வகுப்புப் பிள்ளையிடம் பேசுகிற பரிவு அவர் குரலில் வந்தது. "அப்படியல்ல. இருக்கும் தொழிலுக்கு அனுமதி மட்டும் போதும். இல்லாத தொழிலுக்கு முதலில் இருப்பு வேண்டும். அதன் பிறகே அனுமதி."

"அந்த இருப்பை யார் தருவது?"

"நாங்கள்தான்." நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். "அதற்கு ஒரு விண்ணப்பம் உண்டு. முதலாவது கேள்வி: இந்த மாநிலத்தில் இந்தத் தொழிலை யாராவது செய்து வருகிறார்களா?"

"நான் செய்கிறேன்."

பேனா நின்றது. "அங்கீகாரம் இல்லாமலா? அது தண்டனைக்குரியது."

"அப்படியானால் செய்யவில்லை என்று எழுதுங்கள்."

"யாருமே செய்யாத தொழிலை நாங்கள் ஏன் அங்கீகரிக்க வேண்டும்?"

ஃபிராவ் ஹார்ட்விக் இரக்கமுள்ள பெண். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "'பெரும்பாலும்' என்று எழுதுகிறேன். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வரைவிலக்கணம் கிடையாது. எங்கள் வேலை பாதி அதில்தான் ஓடுகிறது."

"முடிவு வரும்வரை என் நோயாளிகள்?"

"அவர்கள் வரலாம். நீங்களும் வரலாம். ஆனால் உங்கள் சொல்லின் பேரில் யாரும் அசையக் கூடாது."

"அவர்கள் இருதய நோயாளிகள்."

"அதனால்தான் உட்கார அனுமதித்திருக்கிறோம்" என்றார் ஃபிராவ் ஹார்ட்விக்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சூசைதாசன் துளியும் ஆச்சரியப்படவில்லை. எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு இறங்கி, அகதி முகாமிலும் அலுவலக வரிசைகளிலும் இளமையைக் கழித்தவர் அவர். நாட்டில் இருக்கலாம், ஆனால் இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்கிற மாதிரியான ஒரு தாளை வைத்துக்கொண்டு கலியாணமும் கட்டி, பிள்ளையும் பெற்றவர்.

"வடிவா ஞாபகப்படுத்திச் சொல்லு பிள்ளை. 'இல்லை' எண்டு சொன்னவையோ, 'இன்னும் இல்லை' எண்டு சொன்னவையோ?"

"இன்னும் எண்டுதான் நினைக்கிறன் அப்பா."

"அப்ப பயமில்லை. என்னையும் அப்பிடித்தான் சொன்னவை." அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். "அடுத்த முறை நானும் வாறன். கோட்டு ஒண்டு அயர்ன் பண்ண வேணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டன. எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிறின்சியும் உட்கார்ந்தாள். முதல் நாள் நல்ல கதை, சிரிப்பு. இரண்டாம் நாள் சாப்பிட ரோல்ஸ் வந்தது. மூன்றாம் நாள் வடையும் வந்தது. இந்த நிலையில்தான், விதிகளின்படி அசைவின்மை பேணப்படுகிறதா என்று பார்க்க ஃபிராவ் ஹார்ட்விக் நேரில் வந்து, மூலையில் ஒரு கதிரையில் அமர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தேவமலர் எழும்பினார்.

"நிறுத்துங்கள்!" ஃபிராவ் ஹார்ட்விக் பிறின்சியைப் பார்த்தார். "இந்த அம்மையார் யாருடைய அறிவுறுத்தலின் பேரில் எழுந்தார்?"

பிறின்சி தமிழில் கேட்டாள். "அன்ரி, ஏன் எழும்பினீங்கள் எண்டு கேக்கிறா."

"தேத்தண்ணி போட. வேறை என்னத்துக்கு? இவவுக்கும் ஒண்டு போடட்டோ எண்டு கேள்."

"தேநீர் தயாரிப்பதற்காக" என்று பிறின்சி ஜெர்மனில் சொன்னாள். "உங்களுக்கும் வேண்டுமா என்று கேட்கிறார்."

ஃபிராவ் ஹார்ட்விக் எழுதினார்: 'எழுதல், ஒன்று. நோக்கம்: பானம். சிகிச்சைத் தன்மை இல்லை.' பிறகு நிமிர்ந்து, "பால் குறைவாக" என்றார்.

குணசேகரத்தின் வலது கால் அவரை அறியாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஃபிராவ் ஹார்ட்விக் கதிரையை நகர்த்திக் கிட்டப் போய்க் குனிந்து அதைப் பார்த்தார். "இது பயிற்சியா?"

"யோசிச்சா எனக்குக் கால் ஆடும்" என்றார் குணசேகரம் பயந்துபோய். பிறின்சி அதை மொழிபெயர்த்தாள்.

"யோசனையால் வரும் அசைவு எங்கள் அதிகாரத்துக்கு வெளியே" என்று அவர் எழுதிக்கொண்டார். ஒரு வடை சாப்பிட்டார். இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது பிறின்சியின் கையைப் பிடித்து, "இவ்வளவு ஒழுங்காக அசையாமல் இருக்கும் ஒரு குழுவை நான் கண்டதேயில்லை" என்று மனதாரப் பாராட்டினார்.

பாராட்டுக்குரிய அந்தக் குழு வாரத்துக்கு வாரம் கனத்தது. தேவமலருக்குக் கால் வீங்கியது. குணசேகரம் மண்டபத்துக்கு வந்து சேரும்போது பேச்சு வர நேரமெடுத்தது. நாடியைப் பிடித்துப் பார்க்கப் பிறின்சிக்குக் கை துடித்தது. பிடித்தால் அது தொழில். கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். படித்த படிப்பெல்லாம் கண்ணுக்கு முன்னால் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரம் கட்டிவிட்டு அவள் அழுத நாளும் உண்டு.

மரங்கள் இலை கொட்டித் திரும்பவும் துளிர்த்த பிறகு, பிறின்சியின் விண்ணப்பத்தை ஆராய நிபுணர் ஆணைக்குழு கூடியது. சூசைதாசன் அயர்ன் பண்ணிய கோட்டோடு பின்வரிசையில் போய் அமர்ந்தார். முன்னால் நீண்ட மேசையில் ஐந்து பேர். நடுவில் தலைவர் டொக்டர் போக்ஸ்பெர்கர், சுகாதார அமைச்சில் உயரத்தில் இருப்பவர், உடம்பாலும் பெரியவர். ஒரு பக்கம் மருத்துவர் சங்கத்தின் பிரதிநிதி, பிசியோதெரபி சங்கத்தின் அம்மையார். மறுபக்கம் கழுத்தில் விசில் தொங்கவிட்ட உடற்கல்வி ஆசிரியர் சங்கத்துக்காரர், செயலாளராக ஃபிராவ் ஹார்ட்விக்.

"நான் இயக்கத்துக்கு எதிரானவன் அல்ல" என்று டொக்டர் போக்ஸ்பெர்கர் தொடங்கினார். "இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகளில் இயக்கத்துக்கு எதிராக நான் ஒரு தடவைகூட எழுந்து நின்றதில்லை. உண்மையைச் சொன்னால், எழுந்து நின்றதே இல்லை. மக்கள் எங்களைத் தாமதம் என்கிறார்கள். ஒரு தொழிலை அவசரப்பட்டு உண்டாக்கிவிட்டால், பிறகு அதை இல்லாமல் ஆக்க இன்னோர் அலுவலகம் வேண்டும். அந்த அலுவலகத்துக்குக் கட்டடத்தில் இடமில்லை. நான் போய்ப் பார்த்தேன். அதாவது, ஆள் அனுப்பிப் பார்த்தேன்."

மருத்துவர் அடுத்துப் பேசினார். "அசைய வேண்டாம் என்று நோயாளியிடம் சொல்வது மருத்துவரின் உரிமை. அதை விட்டுத்தர மாட்டோம்."

"மருத்துவர் சீட்டு எழுதித் தந்த பிறகு அசைப்பது எங்களுடையது" என்றார் பிசியோதெரபி அம்மையார்.

"விசில் ஊதினால் அசைவது எங்களுடையது" என்றார் விசில்காரர்.

டொக்டர் போக்ஸ்பெர்கர் மூவரையும் பார்த்துத் தலையசைத்தார். "மிச்சம் என்ன இருக்கிறது?"

நெடுநேரம் விவாதித்தார்கள். பின்னோக்கி நடப்பது யாருக்குச் சொந்தம் என்பதில் குரல்கள் உயர்ந்தன. கடைசியில் பிறின்சிக்குப் பேச அனுமதி கிடைத்தது. அவள் தயாரித்து வந்த விரிவுரையை மடித்து வைத்தாள்.

"என்னிடம் ஒருவர் வருகிறார். நாலாம் மாடியில் இருக்கிறார். அவருடைய இருதயம் இப்போது படியேறும். ஆனால் ஏறும் என்று அவருக்குத் தெரியாது. எந்த அளவுக்கு அது அடித்துக்கொண்டால் ஆபத்தில்லை என்று அளந்து, பக்கத்தில் நின்று காட்டினால் பயம் போகிறது. அவர் கடைக்குப் போகிறார், கூட்டாளிகளைப் பார்க்கிறார். அதுதான் என் தொழில்."

ஃபிராவ் ஹார்ட்விக் எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தார்.

விசில்காரர் தலைவரின் பக்கம் குனிந்தார். "பயம் எந்த அமைச்சின் கீழ் வருகிறது?"

"உள்துறை" என்றார் டொக்டர் போக்ஸ்பெர்கர் யோசிக்காமல்.

இருந்தாலும், அன்று மாலை தொழில் பிறந்துவிட்டது. 'சீட்டும் இன்றி, விசிலும் இன்றி, மேலதிகமாக நிகழும் அசைவைக் கவனிப்பவர்' என்று வரைவிலக்கணம் எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். சூசைதாசன் பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார். வேறு யாரும் தட்டாததால் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

இனிப் பரீட்சை எழுதினால் சரி என்று பிறின்சி நினைத்தாள். பரீட்சையை, சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட உடற்பயிற்சி உடலியலாளர்கள்தான் நடத்தலாம். அப்படி ஒருவரும் மாநிலத்தில் இல்லை. பரீட்சை எழுதாமல் ஒருவர் அப்படி ஆகவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு ஆணைக்குழு மறுபடி கூடியது. டொக்டர் போக்ஸ்பெர்கர் தன் வாழ்நாளிலேயே துணிச்சலான முடிவை எடுத்தார். ஆணைக்குழுவின் ஐந்து உறுப்பினர்களுக்கும் கௌரவ அடிப்படையில் அங்கீகாரம் வழங்கப்பட்டது. சின்னதாக ஒரு விழா. வயலின் வாசித்தார்கள். ஐவரும் ஒருவருக்கொருவர் பத்திரத்தைக் கொடுத்துக் கைகுலுக்கிப் படமெடுத்துக்கொண்டார்கள்.

பிறின்சி பரீட்சைக்குப் பெயர் பதியத் தகப்பனோடு ஃபிராவ் ஹார்ட்விக்கின் அறைக்குப் போனாள். அவருடைய மேசையில் புதிய பெயர்ப்பலகை இருந்தது: 'அரசு அங்கீகாரம் பெற்ற உடற்பயிற்சி உடலியலாளர்.' அவர் அதைக் கையால் மறைக்கப் பார்த்தார்.

"ஒரு சிறிய சிக்கல். ஒவ்வொரு நலத்தொழிலுக்கும் மாநிலத் தேவைத் திட்டம் உண்டு. உங்கள் தொழிலுக்கு மாநிலத்தின் தேவை ஐந்து பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்."

"ஐந்து பேர்" என்றாள் பிறின்சி.

"ஆமாம். தேவை முழுமையாகப் பூர்த்தியாகிவிட்டது. இந்த மாநிலத்தில் வேறெந்தத் தொழிலுக்கும் இது நடந்ததில்லை. அமைச்சர் மிகவும் மகிழ்ச்சி."

அன்று திரும்பி வந்து ரயிலிலிருந்து இறங்குகிற நேரத்தில் சூசைதாசன் சொன்னார். "எனக்கு அந்த நாளையிலை நாட்டிலை இடமில்லை எண்டவை. ஆனா என்ரை கதிரையிலை தாங்கள் வந்து குந்தேல்லை. உனக்கு நடந்தது கொஞ்சம் புதுசுதான் பிள்ளை."

பிறின்சிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. வீட்டு வாசலில் தேவமலர் நின்றார், கையில் காய்கறிப் பை.

"பிள்ளை, குணசேகரம் அண்ணை இப்ப கீழை இறங்கிறேல்லை. மூண்டு கிழமையாச்சு. நான்தான் சாமான் கொண்டுபோய்க் குடுக்கிறன். படியைப் பாத்தாத் தலை சுத்துதாம். நானும் இந்தக் காலோடை எத்தினை நாளைக்கு ஏறுறது?"

பிறின்சி உடனே போனாள். நாலாம் மாடிக் கதவைத் திறந்த குணசேகரம், முகம் மழிக்காமல், ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"வாங்கோ மாமா, மெல்ல ஒரு மாடி இறங்கிப் பாப்பம்."

"ஏலாது பிள்ளை. உனக்குப் பிறகு பிரச்சினை வரும். எனக்கும் ஏதும் வந்தா?" அவர் கதவைப் பாதி சாத்தினார். "நீ போ. குறை நினைக்காதை."

கதவு முழுதாகச் சாத்தப்பட்டது. இத்தனை மாதமும் பிறின்சிக்கு வராத கோபம் அப்போது வந்தது. படியிலேயே உட்கார்ந்து ஃபிராவ் ஹார்ட்விக்குக்குப் போன் எடுத்தாள்.

"மாநிலத்தில் ஐந்து உடற்பயிற்சி உடலியலாளர்கள் இருக்கிறார்கள், அல்லவா?"

"ஐந்து பேர். நிரம்பிவிட்டது."

"எனக்கு அது வேண்டாம். என் நோயாளிகளுக்கு ஒருவர் வேண்டும். அங்கீகாரம் பெற்றவர் சிகிச்சை தர மறுக்க முடியாது என்று நீங்கள் எழுதிய சட்டத்திலேயே இருக்கிறது. யாரை அனுப்புகிறீர்கள்?"

 மறுமுனையில் அடக்கிய சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. "அகரவரிசைப்படி" என்றார் ஃபிராவ் ஹார்ட்விக். "முதலில் போக்ஸ்பெர்கர்."

டொக்டர் போக்ஸ்பெர்கர் வந்தார். சட்டம் என்றால் அவர் வந்துதான் ஆகவேண்டும், சட்டத்தில் அவருக்கு இருந்த பக்தி அப்படி. பளபளக்கும் தோல் சப்பாத்து, கழுத்துப்பட்டி. மண்டபத்தில் தமிழில் கதைத்தபடி எழுந்து நின்றவர்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"இவர்களுக்கு ஜெர்மன் தெரியாதா?"

"வைத்தியம் தமிழில் கேட்டால்தான் ஏறும்" என்றாள் பிறின்சி. "நான் மொழிபெயர்க்கிறேன். மொழிபெயர்ப்பு உங்கள் அலுவலகத்தின் கீழ் வராது. கேட்டுவிட்டேன்."

அவர் தொண்டையைச் செருமினார். "வணக்கம். என் பெயர் போக்ஸ்பெர்கர். தொடங்கலாம்."

பிறின்சி திரும்பினாள். "எல்லாரும் காலை அகட்டி நில்லுங்கோ. தோளைத் தளர விடுங்கோ. மூச்சை மெல்ல இழுங்கோ, கையை உயர்த்துங்கோ, விடுங்கோ. அன்ரி, நீங்கள் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு குதிக்காலை உயர்த்துங்கோ. கதைக்காமல். இப்ப மண்டபத்தைச் சுத்தி நடப்பம், பாட்டுப் பாடக்கூடிய வேகத்திலை. பாடேலாமல் மூச்சு முட்டினா நில்லுங்கோ."

மண்டபம் அசைந்தது. மாதக்கணக்காகக் கதிரையில் இறுகிப்போன உடம்புகள் நடந்தன, சிரித்தன, வேர்த்தன. பாட்டுத்தான் ஆளுக்கொன்றாக இருந்தது. கடைசி ஆள் வந்து உட்காரும்வரை டொக்டர் போக்ஸ்பெர்கர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னது சில வார்த்தைகள்தானே" என்றார்.

"தமிழ் கொஞ்சம் விரிவான மொழி" என்றாள் பிறின்சி.

அவர் வருகைப் பதிவைப் பார்த்தார். ஒருவர் வரவில்லை. வராத நோயாளியை அங்கீகாரம் பெற்றவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி, அதையும் அவரே எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பாளரோடு குணசேகரத்தின் வீட்டுக்குப் போனார்.

முதல் மாடி வரை அவர் மாநிலத்தின் சுகாதாரக் கொள்கையை விளக்கிக்கொண்டே வந்தார். இரண்டாம் மாடியில் கொள்கை துண்டு துண்டாக வந்தது. மூன்றாம் மாடி வளைவில் கைப்பிடியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, வாய் திறந்தபடி இருந்தது. மூச்சுச் சத்தம் மாடிக்கு மாடி எதிரொலித்தது.

பிறின்சி அவர் பக்கத்தில் குந்தி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்களுக்கு... அதிகாரம்... இல்லை" என்றார் அவர்.

"நான் மொழிபெயர்ப்பாளர். உங்கள் நாடி சொல்வதை மொழிபெயர்க்கிறேன். பேசாதீர்கள். நெஞ்சில் வலி இருக்கிறதா? இல்லையா? நல்லது. கழுத்துப்பட்டியைத் தளர்த்துங்கள். வாயால் மெதுவாக ஊதுங்கள்."

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஆரது? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கு மூச்சு வாங்குது மாமா. உங்களைப் பாக்கத்தான் வந்தவர்."

பிறகு செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. குணசேகரம் ஒரு கையில் தண்ணீரோடு, மறுகையால் கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்து, பெரிய மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த முகத்தில் எழுதியிருந்த பயத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று கிழமையாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"பயப்பட வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. வெடிச்சிடும் போலைதான் இருக்கும். வெடிக்காது. எனக்குத் திறந்து பாத்தே மூடினவங்கள்."

பிறின்சி மொழிபெயர்த்தாள். இந்தத் தடவை ஒரு சொல்லும் கூட்டவில்லை. டொக்டர் போக்ஸ்பெர்கர் தண்ணீரைக் குடித்தார்.

"நான்காம் மாடியிலிருந்து இவர் எப்படி இறங்கினார்?" என்று கேட்டார்.

அதைக் கேட்ட பிறகுதான் குணசேகரம் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று திரும்பிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அட" என்றார்.

மூவரும் சேர்ந்தே மிச்சப் படிகளை இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்றார்கள். யாருக்காக நிற்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வெயில் இருந்தது. பேருந்து நிறுத்தத்து வாங்கில் உட்கார்ந்து, குணசேகரம் மூன்று கிழமையாகப் பார்க்காத வீதியைப் பார்த்தார். நாளைக்கே மருத்துவரிடம் இருதயத்தைக் காட்ட வேண்டும் என்று பிறின்சி டொக்டர் போக்ஸ்பெர்கரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் அங்கீகாரத்தை இத்தால் திருப்பிக் கையளிப்பதாக ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்திட்டார். "மாநிலத்தில் ஓரிடம் காலியாகிவிட்டது" என்றார். "பரீட்சைக்குப் பதியுங்கள். ஹார்ட்விக் நடத்துவார். கேள்விகளை நீங்கள்தான் அவருக்குத் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்."

அப்படியே நடந்தது. இலையுதிர்காலத்தில் பிறின்சி தானே எழுதிய வினாக்களுக்கு விடை எழுதி, மிகச் சிறப்பாகத் தேறினாள். ஒரு கேள்வி அளவுக்கு மீறிக் கடினம் என்று ஃபிராவ் ஹார்ட்விக் குறிப்பெழுதினார். தாள் மண்டபச் சுவரில் ஏறியது. சூசைதாசன் கோயில் வாசலில் இப்போது விளக்கம் சொல்வதில்லை, "அரசாங்கத்திலை ஐஞ்சு பேர்தான், அதிலை ஒண்டு" என்று மட்டும் சொல்கிறார். கேட்பவர்கள் மரியாதையோடு விலகுகிறார்கள்.

ஆனால் அன்று வாங்கில் இன்னும் ஒன்று நடந்தது. பேருந்து வரும் சத்தம் கேட்டபோது டொக்டர் போக்ஸ்பெர்கர் தயங்கித் தயங்கிப் பிறின்சியின் பக்கம் திரும்பினார்.

"உங்கள் செவ்வாய்க்கிழமைக் குழுவில் நான் சேர முடியுமா?"

"தாராளமாக."

"எந்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும்?"

"ஒன்றும் இல்லை. நடக்கக்கூடிய சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்."

"விண்ணப்பமே இல்லையா?"

"இல்லை."

அவருக்கு மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கியது.